மடக்கும் கேஸ் அடுப்பு: சாய்த்தால் அணைகிறது, மறுபடி விரித்தால்?

செல்லூரில் பத்துக்குப் பத்து அறையில் நான்கு பேர் குடியிருக்கிறீர்கள். சமையல் மேடைதான் பகலில் நீங்கள் துணி வெட்டும் மேசையும். இரண்டு பர்னர் அடுப்பைச் சுவரோடு நிமிர்த்தி வைக்கும் மாதிரி ஒன்று கடையில் பார்த்திருக்கிறீர்கள். சாய்த்தவுடன் கேஸ் தானாக நின்றுவிடும் என்று விற்பவர் சொல்கிறார். அதை வாங்கலாமா, அல்லது இப்போதிருக்கும் அடுப்புக்கே கீல் வைத்துத் தருவதாகச் சொல்லும் பட்டறைக்காரரிடம் கொடுத்துவிடலாமா என்பது உங்கள் கேள்வி. இட நெருக்கடியைப் பற்றித்தான் எழுதியிருக்கிறீர்கள். ஆனால் குழந்தையும் மாமியாரும் அதே அறையில் பாய் விரித்துப் படுக்கிறார்கள் என்றும் சேர்த்து எழுதியிருக்கிறீர்கள். ஒரு வால்வை நம்பி நான்கு பேர் இரவில் கண்மூடலாமா என்பதுதான் நீங்கள் உண்மையில் கேட்பது என்று எடுத்துக்கொண்டு பதில் சொல்கிறேன்.

மதுரையில் கேஸ் அடுப்புகளைப் பழுதுபார்ப்பதும், வீடு வீடாகப் போய் இணைப்புகளைச் சோதிப்பதும் பல ஆண்டுகளாக என் தொழில். அந்த அனுபவத்தில் அடித்துச் சொல்லக்கூடியவை சில இருக்கின்றன. நீங்கள் பார்த்த அடுப்பைத் திருப்பிப் போட்டு அடிப்பகுதியைப் பார்த்தால்தான் சொல்லக்கூடியவையும் இருக்கின்றன. இரண்டையும் கலக்காமல் எழுதப் பார்க்கிறேன். பட்டறையில் கீல் வைக்கும் யோசனையை இன்றே விட்டுவிடுங்கள்; இதில் எனக்குத் துளியும் சந்தேகம் இல்லை. மடக்குவதற்கென்றே தயாரிக்கப்பட்ட அடுப்பு நல்லதாகவும் இருக்கலாம், மோசமானதாகவும் இருக்கலாம். கடைக்காரர் சாய்த்துக் காட்டியதை வைத்து அதை முடிவு செய்ய முடியாது. மறுபடி கீழே இறக்கும்போது அந்த அடுப்பு என்ன செய்கிறது என்று பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

யோசனை என்ற அளவில் இதில் தவறு எதுவும் இல்லை. இத்தாலியில் ஆல்பெஸ் இனாக்ஸ் என்ற நிறுவனம் சுவரோடு நிமிர்த்தி வைக்கும் கேஸ் அடுப்புகளைச் செய்து விற்கிறது. நிமிர்த்தினால் வாயு நின்றுவிடும் ஏற்பாடு அவற்றில் உண்டு. குளிர்நாடுகளில் திறந்தவெளியில் நிறுத்திவைக்கும் உயரமான கேஸ் கணப்புகள் கவிழ்ந்தால் அணைவதற்காக அவற்றில் சாய்வு சுவிட்ச் இருக்கும். ஆகவே சாய்ந்தால் அணைவது என்பது நடக்கக்கூடியதுதான், நன்றாக வேலை செய்யக்கூடியதுதான். எந்த வழியில் அணைக்கிறார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

பெரும்பாலும் இரண்டு வழிகள். முதல் வழியில் கீலுக்குப் பக்கத்தில் ஒரு வால்வு இருக்கும். அடுப்பு மேடையில் படுத்திருக்கும்போது ஒரு முள் அந்த வால்வை அழுத்தித் திறந்து வைத்திருக்கும். அடுப்பைத் தூக்கினால் முள் விலகும். உள்ளே இருக்கும் ஸ்பிரிங் வால்வை மூடிவிடும். இது முழுக்க முழுக்க இயந்திர வேலை. இரண்டாவது வழி தீயைக் காவல் வைப்பது. ஒவ்வொரு பர்னருக்கும் பக்கத்தில் தெர்மோகப்பிள் என்ற சிறு உலோகக் குச்சி நீட்டிக்கொண்டிருக்கும். தீயின் சூட்டில் அது சில பத்து மில்லிவோல்ட் மின்னழுத்தத்தை உண்டாக்கும். அந்தச் சிறு மின்சாரம் ஒரு மின்காந்தத்தை இயக்கி வால்வைத் திறந்தபடி பிடித்துக்கொள்ளும். தீ அணைந்தால் குச்சி ஆறும், காந்தத்தின் பிடி விடும், வால்வு மூடிக்கொள்ளும். இந்த மின்சுற்றின் நடுவில் ஒரு சாய்வு சுவிட்சை வைத்தால், அடுப்பு சாய்ந்த நொடியில் சுற்று துண்டிக்கப்பட்டு வாயு நிற்கும். மறுபடி திறக்க வேண்டுமானால் ஒருவர் நாபை அழுத்திப் பிடித்துப் பற்றவைத்து, குச்சி சூடாகும்வரை சில நொடிகள் காத்திருக்க வேண்டும். மனிதர் கை படாமல் அது திறக்காது.

கடையில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். சாய்த்தால் தீ அணையும், கடைக்காரர் உங்களைப் பார்ப்பார். வீட்டில் நடப்பதை எண்ணிப் பாருங்கள். காலையில் சிம்மில் பால் காய்கிறது. குழந்தையைப் பள்ளிக்கு அனுப்பும் அவசரம். பாத்திரத்தை இறக்கியவர் நாபை மூட மறந்து அடுப்பை நிமிர்த்திவிடுகிறார். தீ அணைந்துவிட்டது. சாதாரண அடுப்பாக இருந்தால் தீ எரிவதைக் கண்டு யாராவது நாபை மூடியிருப்பார்கள். இந்த அடுப்பு அந்தத் தடயத்தை அழித்துவிட்டது. மதியம் வரை மேடையில் துணி வெட்டுகிறீர்கள். மாலையில் உங்கள் மாமியார் அடுப்பை இறக்குகிறார். முதல் வகையாக இருந்தால் முள் வால்வை அழுத்தும், வால்வு திறக்கும், காலையிலிருந்து திறந்தே கிடக்கும் நாப் வழியாகத் தீயில்லாமல் வாயு வெளியேறத் தொடங்கும். அவர் தண்ணீர் பிடிக்கக் குழாயடிக்குப் போய்விட்டுத் திரும்பி வந்து மற்ற பர்னரைப் பற்றவைத்தால் என்ன ஆகும் என்பதை நான் எழுத வேண்டியதில்லை.

கீலில் மட்டும் வால்வு வைத்து, பர்னர்களில் தீக்காவல் இல்லாத அடுப்பை நான் என் வீட்டில் வைக்க மாட்டேன். உங்களுக்கும் வேண்டாம் என்பேன். இரண்டும் சேர்ந்து இருந்தால் அது நல்ல அடுப்பு. கீல் வால்வு மட்டுமே இருந்தாலும், ஒருமுறை மூடிய பிறகு கையால் ஒரு பொத்தானை அழுத்தினால்தான் திறக்கும் என்ற ஏற்பாடு இருந்தால், இந்த ஒரு ஆபத்தைப் பொறுத்தவரை ஏற்றுக்கொள்ளலாம்.

இது எவ்வளவு நேரத்தில் ஆபத்தாகும் என்று ஒரு தோராயக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு பெரிய பர்னர் முழுத் தீயில் மணிக்குச் சுமார் 150 கிராம் வாயுவை எரிக்கும். ஆவியாக அது 60 முதல் 65 லிட்டர். சமையல் வாயு காற்றில் சுமார் 2 சதவீதம் முதல் 9 சதவீதம் வரை கலந்திருக்கும்போது ஒரு பொறி பட்டால் பற்றிக்கொள்ளும். உங்கள் அறையின் உயரமும் பத்தடி என்று வைத்துக்கொண்டால் உள்ளே ஏறக்குறைய 28,000 லிட்டர் காற்று இருக்கிறது. முழு அறையிலும் சீராகக் கலந்தால் 2 சதவீதத்தை எட்ட எட்டு ஒன்பது மணி நேரம் பிடிக்கும். ஆனால் அப்படிக் கலப்பதில்லை. இந்த வாயு காற்றைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் கனமானது. கீழே இறங்கித் தரையோடு தரையாகப் பரவும். தரையிலிருந்து ஓரடி உயரத்தை மட்டும் கணக்கில் எடுத்தால் அங்கே இருப்பது 2,800 லிட்டர் காற்று. அதில் 2 சதவீதம் என்பது 56 லிட்டர். கதவு சாத்திய அறையில், பர்னர் முழுதாகத் திறந்திருந்தால், ஒரு மணி நேரத்துக்குள் அந்த அளவு வந்துவிடும். சிம்மில் என்றால் நேரம் கூடும். மேடைக்கு அடியில், பீரோவுக்குப் பின்னால் தேங்கினால் அந்த மூலையில் அதற்கு முன்பே வந்துவிடும். பாயில் படுப்பவர்கள் இருப்பது அந்த ஓரடிக்குள். ஃபிரிட்ஜின் கம்ப்ரசர் ஓடி நிற்கும்போது பொறி உண்டாகும் இடமும் ஏறக்குறைய அதே உயரத்தில்தான் இருக்கிறது.

நாற்றம் காட்டிக்கொடுக்குமே என்று நீங்கள் கேட்கலாம். காட்டிக்கொடுக்கும், அதற்காகத்தான் எத்தில் மெர்காப்டான் என்ற பொருளை வாயுவில் சேர்க்கிறார்கள். பற்றிக்கொள்ளும் அளவுக்கு வெகு முன்பே விழித்திருப்பவரின் மூக்குக்கு அது தெரியவேண்டும் என்பது கணக்கு. தூங்குகிறவர், சளி பிடித்தவர், வயதால் மோப்பம் குறைந்தவர் ஆகியோருக்கு அந்தக் கணக்குப் பொருந்தாது. உங்கள் வீட்டில் மூவரும் இருக்கக்கூடும்.

தீக்காவலைப் பற்றி இன்னும் ஒன்று. சாய்க்கும்போது அணைவதைவிட, எரிந்துகொண்டிருக்கும்போது தீ போய்விட்டால் வாயுவை நிறுத்துவதுதான் உங்கள் வீட்டில் அடிக்கடி தேவைப்படும். ஒற்றை அறையில் சமைக்கும்போது மின்விசிறியை நிறுத்தி வைக்க யாராலும் முடிவதில்லை, அதுவும் அக்னி நட்சத்திர நாட்களில் மதுரையில். விசிறிக் காற்றில் சிம் தீ அணைகிறது. பால் பொங்கி வழிந்து அணைகிறது. காம்பவுண்ட் வீடுகளில் சோதனைக்குப் போகும்போது, கேஸ் வாடை வருகிறது என்ற புகாருக்குப் பின்னால் பழுதே இல்லாமல், அணைந்த சிம் மட்டும் இருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். தெர்மோகப்பிள் உள்ள அடுப்பு இதைக் கவனித்துக்கொள்ளும். ஆனால் நொடிப்பொழுதில் அல்ல. குச்சி ஆறுவதற்குச் சில நொடிகள் முதல் ஒரு நிமிடம் வரையோ அதற்குச் சற்று மேலாகவோ ஆகலாம். அது பழுதில்லை. உங்கள் கையிலிருக்கும் பணத்துக்கு மடக்கும் வசதி, தீக்காவல் என்ற இரண்டில் ஒன்றுதான் கிடைக்கும் என்றால், தீக்காவல் உள்ள சாதாரண அடுப்பை வாங்குங்கள்.

இனி குழாய். சாதாரண அடுப்பு ஒருமுறை வைத்தால் அசைவதில்லை, டியூபும் அசைவதில்லை. மடக்கும் அடுப்பு ஒரு நாளைக்கு இரண்டு மூன்று முறை எழுந்து படுக்கிறது. சரியாக வடிவமைத்தவர்கள் வாயுவைக் கீலின் அச்சு வழியாகவே உள்ளே கொண்டுவருவார்கள். அச்சு சுழலும், வெளியே உள்ள டியூப் அசையாது. அலட்சியமாகச் செய்தவர்கள் டியூபைக் கொஞ்சம் நீளமாக விட்டு, அடுப்போடு சேர்ந்து அதுவும் வளையட்டும் என்று விட்டுவிடுவார்கள். நம் ஊரில் கட்டாயமாகப் பயன்படுத்த வேண்டிய ஆரஞ்சு நிற சுரக்ஷா டியூபின் உள்ளே எஃகுக் கம்பி வலை இருக்கிறது. அது உறுதியானதுதான், ஆனால் ஒரே இடத்தில் நாள்தோறும் வளைந்து நிமிர்வதற்காகச் செய்யப்பட்டதில்லை. வளையும் இடம் பெரும்பாலும் அடுப்பின் மூக்கில் டியூப் ஏறும் இடமாகவே இருக்கும். வெடிப்பும் அங்கேதான் விழும். ஐந்து ஆண்டு உழைக்கும் டியூப் அப்படி வளைந்தால் எத்தனை மாதம் உழைக்கும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. அலையலையாக இருக்கும் உலோகக் குழாயை மாட்டினால் பிரச்சினை தீர்ந்தது என்று சிலர் சொல்வார்கள். அதுவும் ஓரிடத்தில் நிலையாக இருப்பதற்கானதுதான், திரும்பத் திரும்ப வளைத்தால் களைத்து ஒடியும்.

அதனால்தான் வால்வு எங்கே இருக்கிறது என்று கேட்கச் சொல்கிறேன். அசையும் மூட்டுக்கு, அதாவது குழாய் சுழலும் அல்லது வளையும் இடத்துக்கு, முன்பாகவே, சிலிண்டர் பக்கத்தில், வால்வு இருந்தால் மடக்கும்போது மூட்டுக்குள்ளும் வாயு நிற்கும். மூட்டுக்குப் பின்னால், பர்னர் பக்கத்தில் இருந்தால் அடுப்பு அணைந்து சுவரோடு நின்றாலும் அந்த மூட்டில் வாயு அழுத்தத்தோடு காத்திருக்கும். ரெகுலேட்டரிலிருந்து வரும் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 30 கிராம் அளவுதான். அவ்வளவு குறைந்த அழுத்தத்தில் சிறு கசிவு சீறாது. காதுக்குக் கேட்காமலே கசியும்.

பட்டறை வேலையை நான் இவ்வளவு உறுதியாக மறுப்பதற்கு முதல் காரணம் இந்த மூட்டுதான். வெங்கலக் கடைத் தெருவிலும் தெற்குவாசல் பக்கத்திலும் கைவேலையில் யாருக்கும் சளைக்காத ஆட்கள் இருக்கிறார்கள். கீல் கச்சிதமாகத்தான் இருக்கும். ஆனால் சுழலும் மூட்டுக்குத் தண்ணீர்க் குழாய்ச் சாமான்களில்தான் தேட வேண்டியிருக்கும். தண்ணீருக்கான ரப்பர் வளையத்தைச் சமையல் வாயு ஊறவைத்து உப்பவோ சுருங்கவோ செய்துவிடலாம். அதற்கென்று உள்ள நைட்ரைல் ரப்பர் வேறு. இரண்டாவது காரணம், நம் வழக்கமான அடுப்பு நிமிர்வதற்காகச் செய்யப்பட்டதே இல்லை. பித்தளை பர்னர் தன் எடையில்தான் உட்கார்ந்திருக்கிறது. ஸ்டாண்டும் ட்ரேயும் அப்படித்தான். நிமிர்த்தினால் எல்லாம் கீழே விழும். திருப்பி வைக்கும்போது பர்னர் அரை நூல் பிசகி உட்கார்ந்தாலும் ஜெட் என்ற சிறு துளையிலிருந்து வரும் வாயுவும் காற்றும் சரியாகக் கலக்காமல் தீ மஞ்சளாக எரியும், அல்லது உள்ளே போய் ஜெட்டின் முனையிலேயே எரியத் தொடங்கும். மஞ்சள் தீ பாத்திரத்தைக் கரியாக்குவதோடு நிற்பதில்லை; சாத்திய அறையில் கார்பன் மோனாக்சைடையும் சேர்க்கிறது. மேற்பரப்பு கண்ணாடியாக இருந்தால் எதுவும் யோசிக்கவே வேண்டாம். மூன்றாவது, வீட்டு அடுப்புகளுக்கான ஐஎஸ் 4246 தரநிலையில் சோதித்து ஐஎஸ்ஐ முத்திரை தருவது அந்த வடிவத்துக்குத்தான். துளை போட்டுக் கீல் வைத்த பிறகு முத்திரை தகட்டில் இருக்கும், அதற்குப் பொருள் இருக்காது. ஏதேனும் நடந்தால் காப்பீடு கேட்டு நிற்கும்போது உங்கள் பக்கத்தில் ஒரு பெரிய ஓட்டை இருக்கும்.

நீங்கள் துணி வெட்டுவதாக எழுதாவிட்டால் அடுத்த விஷயத்தை இரண்டு வரியில் முடித்திருப்பேன். சமைத்து முடித்தவுடன் ஸ்டாண்டும் பர்னர் மூடியும் நல்ல சூட்டில் இருக்கும். வார்ப்பிரும்பு என்றால் கால் மணி நேரம் கழித்தும் தொட முடியாது. வாயு நின்றுவிட்டது என்பதால் சூடு போய்விடுவதில்லை, சாய்வு வால்வு அதை அறியவும் செய்யாது. படுத்திருக்கும் அடுப்பின் சூடு மேலே போகும். நிமிர்ந்த அடுப்பின் சூடான முகம் அறையைப் பார்த்து நிற்கும், மடக்கும் விதத்தைப் பொறுத்துச் சுவரைப் பார்த்தும் நிற்கலாம். அறையைப் பார்த்து நின்றால் அதன் அடியில் நீங்கள் விரிக்கும் பாலியெஸ்டர் துணி இருக்கிறது, நூல்கண்டு இருக்கிறது, எட்டிப்பார்க்கும் குழந்தையின் கை இருக்கிறது. சுவரைப் பார்த்து நின்றால் பின்னால் ஓடும் டியூபும், மாட்டியிருக்கும் பிளாஸ்டிக் கரண்டிக் கூடையும், காலண்டரும். டைல்ஸ் ஒட்டிய சுவர் என்றால் பரவாயில்லை. பலகைத் தடுப்பு என்றால் அந்த இடத்தில் இந்த அடுப்பு கூடாது. எப்படியானாலும் ஸ்டாண்டைத் தொட்டுப் பார்க்க முடிகிற அளவுக்கு ஆறிய பிறகே நிமிர்த்த வேண்டும். அப்படியானால் காலைச் சமையலுக்கும் துணி வெட்டுவதற்கும் நடுவில் அரை மணி நேரம் மேடை உங்களுக்குக் கிடைக்காது. இதையும் கணக்கில் வையுங்கள்.

சிந்துவது பற்றியும் சொல்ல வேண்டும். படுத்திருக்கும் அடுப்பில் வழிந்த சாம்பார் ட்ரேயில் தங்கும். துடைக்காமல் நிமிர்த்தினால் அது நாப்களை நோக்கியோ கீலை நோக்கியோ ஓடும். ஜெட்டின் துளை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. உப்பும் பருப்பும் கலந்த ஒரு துளி காய்ந்தால் போதும். கீலில் இருக்கும் முள்ளில் அது படிந்து இறுகினால் வால்வு முழுதாக மூடாமல் நின்றுவிடவும் கூடும். இது தயாரிப்பைப் பொறுத்தது; நல்ல தயாரிப்பில் முள்ளும் ஸ்பிரிங்கும் மூடிய கூட்டுக்குள் இருக்கும். நீங்கள் பார்த்த அடுப்பில் எப்படி என்பதை அடியில் டார்ச் அடித்துப் பார்த்தால் உங்களுக்கே தெரியும்.

கீல் எதில் பிடித்திருக்கிறது என்பது அடுத்த கேள்வி. சட்டத்தோடு சேர்ந்து மேடைமேல் உட்காரும் மாதிரி என்றால் நல்லது. சுவரில் போல்ட் அடித்து மாட்டும் மாதிரி என்றால் உங்கள் சுவரை முதலில் தட்டிப் பாருங்கள். மாசி வீதிகள், சிம்மக்கல், செல்லூர் ஆகிய இடங்களில் உள்ள பழைய வீடுகளில் செங்கலும் சுண்ணாம்புக் காரையும்தான். அதில் அடிக்கும் ஆங்கர் போல்ட் முதலில் இறுக்கமாகத்தான் இருக்கும். தினமும் ஆடும் பாரத்தில் நாளாவட்டத்தில் காரை உதிர்ந்து தளரும். தவிர, நிமிர்ந்த அடுப்பு தானாகக் கீழே விழாமல் பிடிக்கும் கொக்கி இருக்க வேண்டும். குழந்தை தாவிப் பிடித்து இழுத்தாலும் அது விடக்கூடாது.

இவ்வளவுக்குப் பிறகும் வாங்குவதாக இருந்தால், கடையில் சிலிண்டரோடு இணைத்துக் காட்டச் சொல்லுங்கள். இணைக்காமல் காட்டுவதைப் பார்த்து வாங்க வேண்டாம். இரண்டு பர்னரையும் பற்றவைத்து அடுப்பை மெதுவாகத் தூக்குங்கள். பாத்திரம் சரியத் தொடங்கும் சாய்வுக்கு முன்பே தீ அணைய வேண்டும். பாதி நிமிர்ந்த பிறகு அணைவது தாமதம். நாப்களை மூடாமலே முழுதாக நிமிர்த்தி, மறுபடி கீழே இறக்குங்கள். இந்த இடத்தில் அருகில் நெருப்பு எதுவும் இருக்கக்கூடாது, கதவு திறந்திருக்க வேண்டும், பர்னர் ஆறியிருக்க வேண்டும். பர்னரின் துளைகள்மேல் சோப்பு நுரையைத் தடவிப் பாருங்கள். நுரை குமிழிட்டால் வாயு தானாகத் திரும்பி வருகிறது என்று பொருள். அந்த அடுப்பை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிடுங்கள். அடுத்து பற்றவைத்து, ஓரிரு நிமிடம் எரியவிட்டு, ஊதி அணையுங்கள். ஒன்றரை நிமிடத்துக்குள் டக்கென்று ஒரு சிறு ஒலி கேட்க வேண்டும். அது தீக்காவல் வால்வு மூடும் ஒலி. பிறகு அடுப்பை நிமிர்த்தி, ரெகுலேட்டர் திறந்திருக்கும்போதே, கீல் மூட்டிலும் டியூப் ஏறும் மூக்கிலும் சோப்புத் தண்ணீரைத் தடவி ஐந்து நிமிடம் பொறுத்துப் பாருங்கள். தீக்குச்சியைக் கிழித்துக் கசிவு பார்க்கும் ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களிடம் எதையும் வாங்காதீர்கள். முத்திரையைப் பார்க்கும்போது ஐஎஸ்ஐ குறியோடு கீழே உரிம எண்ணும் பொறிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். வெறும் ஸ்டிக்கரை ஏற்க வேண்டாம்.

அடுப்பு எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அதன் தானியங்கி வால்வு தனக்குப் பின்னால் உள்ளதை மட்டுமே காக்கும். சிலிண்டர் வாயில் உள்ள ரப்பர் வாஷர் தேய்ந்தால் அதற்குத் தெரியாது. ரெகுலேட்டர் சரியாக உட்காராவிட்டால் தெரியாது. எலி டியூபைக் கடித்தால் தெரியாது. நான் சோதித்த வீடுகளில் கசிவு பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றாகத்தான் இருந்திருக்கிறது. டியூப் அறுந்தால் பூட்டிக்கொள்ளும் என்று சொல்லி ரெகுலேட்டரோடு சேர்த்து மாட்ட ஒரு சாதனத்தை வீட்டு வாசலில் கொண்டுவந்து விற்பார்கள்; வாயு பெரிதாகப் பீறிட்டால்தான் அது பூட்டும், சிறு கசிவை உணராது. ஆகவே மடக்கும் அடுப்பு வைத்தாலும் வைக்காவிட்டாலும் வரிசை இதுதான்: முதலில் ரெகுலேட்டரை மூடுங்கள், மிச்ச வாயு எரிந்து தீ தானாக அணையட்டும், பிறகு நாபை மூடுங்கள், ஆறிய பிறகு மடக்குங்கள். ரெகுலேட்டரை மூடிவிட்டால் ஒன்றரை மீட்டர் டியூபுக்குள் தங்கக்கூடிய வாயு 100 மில்லிலிட்டர்கூட இராது. நான்கு பேர் படுக்கும் அறையில் இதைவிட உறுதியான காவல் எதையும் காசு கொடுத்து வாங்க முடியாது. வாடை வந்தால் சுவிட்சைத் தொடாமல் கதவைத் திறந்து, ரெகுலேட்டரை மூடி, வெளியே வந்து 1906 என்ற எண்ணை அழையுங்கள். அது எரிவாயு அவசர உதவிக்கான எண்.

இடம் பற்றிய உங்கள் கணக்கையும் ஒருமுறை திருப்பிப் பார்க்கச் சொல்வேன். இரண்டு பர்னர் அடுப்பு மேடையில் அடைப்பது ஏறக்குறைய இரண்டடிக்கு ஒன்றேகால் அடி. மடக்கினால் கிடைப்பது அவ்வளவுதான். கீழே 14.2 கிலோ சிலிண்டர் நிற்கும் இடம் அப்படியே இருக்கும். அதைப் படுக்கவைக்கவோ, காற்றோட்டம் இல்லாத பெட்டிக்குள் மூடிவைக்கவோ கூடாது. இண்டக்ஷன் அடுப்பு என்றால் வேலை முடிந்ததும் எடுத்து ஓரமாக நிறுத்திவிடலாம், கசிய ஒன்றுமில்லை. ஆனால் 2,000 வாட் அடுப்பு முழு வேகத்தில் ஒரு மணி நேரம் ஓடினால் 2 யூனிட்; தினம் ஒரு மணி நேரம் என்றால் இரண்டு மாதத்துக்கு 120 யூனிட். அரசு தரும் 100 யூனிட் இலவசம் அதிலேயே தீர்ந்துவிடும். வீட்டுக்காரர் தனி மீட்டர் வைத்து அவர் சொல்லும் விலைக்கு யூனிட் கணக்குப் போடுபவராக இருந்தால் இன்னும் கூடும். பழைய வயரிங் அந்தச் சுமையைத் தாங்குமா என்று எலக்ட்ரீஷியன் பார்த்துச் சொல்ல வேண்டும்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் அடுப்பை அசையாமல் விட்டுவிட்டு மேசையை மடக்குவேன். நான்கடிக்கு இரண்டடி பிளைவுட் பலகை ஒன்று, மடக்கு பிராக்கெட் இரண்டு, சமையல் மேடைக்கு எதிர்ச் சுவரில். சுண்ணாம்புச் சுவராக இருந்தால் பிராக்கெட்டை நேராகச் சுவரில் அடிக்காமல், மேலும் கீழுமாக இரண்டு மரச்சட்டங்களைப் பல இடங்களில் பிடித்து அவற்றின்மேல் பொருத்தச் சொல்லுங்கள். நல்ல தச்சருக்கு அரை நாள் வேலை. உயரம் உங்கள் இடுப்புக்குச் சற்றுக் கீழே இருந்தால் நின்றுகொண்டே வெட்டலாம். துணியும் தீயும் இரண்டு வேறு சுவர்களில் இருக்கும். மிச்சமாகும் பணத்தில் தீக்காவல் உள்ள சாதாரண இரண்டு பர்னர் அடுப்பு ஒன்றையும், புது சுரக்ஷா டியூப் ஒன்றையும் வாங்குங்கள். டியூபில் அச்சிட்டிருக்கும் தயாரிப்பு ஆண்டைப் பார்த்து வாங்குங்கள். கடையில் ஏற்கெனவே இரண்டு ஆண்டு கிடந்த டியூபை ஐந்து ஆண்டு வைத்திருக்க முடியாது.